பெட்டியில் ஏறாத விலாங்குகள்

மின் நிலையத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். சலவைக்குப் போய் வந்த சட்டைகளை எண்ணிவிட்டுப் பொத்தான்களையும் எண்ணுகிறவள் அவள். "என்னைக்காவது என்னையும் உரிச்சுப் பார்த்து, உள்ள இருக்கிறது நான்தானான்னு பாக்கப் போறா" என்பார் அவள் வீட்டுக்காரர். பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். வாய் சும்மா இருக்காது.

அவள் வேலை விலாங்கு எண்ணுவது. கடலில் பிறந்த விலாங்குக் குஞ்சுகள், தீக்குச்சி நீளமே இருப்பவை, ஓடையில் ஏறி வரும். மேலே குளங்களில் பல வருஷம் வளர்ந்து, முட்டையிட மறுபடி கடலுக்கே போகும். நடுவில் தடுப்பணையும் மின் நிலையமும் வந்துவிட்டன. வழியை மறித்தவர்களே ஒரு வழியும் செய்து கொடுத்தார்கள்: அணையின் ஓரத்தில் தூரிகை மயிர் பதித்த ஒரு சாய்பலகை, அதில் கசிந்து ஓட ஒரு குழாய்த் தண்ணீர், உச்சியில் ஒரு பெட்டி. ராத்திரியில் குஞ்சுகள் பலகையைப் பிடித்து ஏறிப் பெட்டிக்குள் விழும். காலையில் அவள் வந்து திறந்து, அகப்பையால் மொண்டு எண்ணி, அணைக்கு மேலே உள்ள நீரில் விடுவாள். பதினோரு வருஷமாக இதுதான்.

அந்த வருஷம் பருவம் தொடங்கிப் பத்து நாளாகியும் பெட்டியில் ஒன்றும் இல்லை. பதினோராம் நாள் ஏழு. மறுநாள் நான்கு. போன வருஷம் இதே வாரத்தில் ஒரே காலையில் இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்தது.

"கடல்லயே கம்மியா இருக்கும்மா" என்றார் பொறியாளர், கணினியிலிருந்து தலையை எடுக்காமல்.

"கடல்ல கம்மின்னா பாதி குறையும் சார். ஒரேயடியா துடைச்சு வெச்ச மாதிரியா இருக்கும்? இது கை வேலை."

யார் கை? பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று அவளிடம். மற்றொன்று இரவுக் காவலாளியிடம். அதிகம் பேசாத மனிதர், அவளைவிடப் பத்து வயது சின்னவர், "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். இந்தக் குஞ்சுகளை உயிரோடு வாங்கிப் பண்ணைகளுக்கு அனுப்பும் ஆட்கள் இருப்பதாக அவள் கேள்விப்பட்டிருந்தாள். முன்பெல்லாம் அவர் தோளில் ஒரு பைதான் தொங்கும். இப்போது கையில் மூடி போட்ட வாளியும் இருந்தது.

"வாளி எதுக்குப்பா?" என்று கேட்டாள்.

"வீட்ல தண்ணி வரல அக்கா. இங்கிருந்து பிடிச்சிட்டுப் போறேன்."

நல்ல பதில்தான். அதுவே அவளுக்கு உறுத்தியது. அன்று சாயங்காலம் கிளம்பும்போது, பெட்டிக்கு ஏறும் படிகளில் கொஞ்சம் மாவைத் தூவிவிட்டுப் போனாள். காலையில் வந்து பார்த்தால், மாவில் பூட்ஸ் தடம். ஏறிய தடம், இறங்கிய தடம், இரண்டும் சுத்தமாக.

ஆறரை மணிக்கு வேலை மாறும் நேரம். வாசலில் நாலு பேர் நிற்கையிலேயே கேட்டுவிட்டாள். "வாளியைத் திறப்பா."

அவர் மூடியைத் திறந்தார். உள்ளே தண்ணீர், வெறும் தண்ணீர்.

"அப்போ படியில எதுக்கு ஏறின?"

"குழாய்ல இலை அடைக்கும் அக்கா. விடியறதுக்குள்ள எடுத்து விடுவேன். வேற எதுக்கு ஏறப் போறேன்?"

"பதினோரு வருஷமா நான் ஒரு இலையைக்கூடப் பார்த்ததில்லையே!"

அவர் சாவியை வளையத்திலிருந்து கழற்றி, பொறியாளரின் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்த வார இறுதியிலேயே ஒரு கிடங்குக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். கள்ளன் தானாக ஓடிவிட்டான் என்று அவளுக்கு ஒரு நிம்மதி.

அந்த நிம்மதி மூன்று நாள் இருந்தது. நான்காம் நாள் பெட்டியைத் திறந்தபோது பலகை காய்ந்து கிடந்தது. குழாய் வாயை அழுகிய இலைகள் இறுக அடைத்திருந்தன. பெட்டியின் மூலையில் ஒன்பது குஞ்சுகள் ஒட்டி உலர்ந்திருந்தன. ஒன்றை விரலால் எடுத்தாள்; நூல் மாதிரி ஒடிந்தது.

காவலாளி சொன்னது பொய்யில்லை. ஆனாலும் சந்தேகம் சாகவில்லை, ஆளைத்தான் மாற்றிக்கொண்டது. 'இங்கே இல்லையென்றால் கீழே எவனோ வலை கட்டியிருக்கிறான்.' மறுநாள் விடுப்பு சொல்லிவிட்டு, ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு ஓடைக்கரையோடு கீழே நடந்தாள். கண்ணில் பட்ட ஒவ்வொரு கம்பையும் இழுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு சாக்கையும் உதறினாள். வலை எங்கும் இல்லை.

அரைமணி நேர நடையில் அவள் தெருவுக்குப் போகும் சாலை ஓடையைக் கடக்கும் இடம் வந்தது. முன்பு அங்கே முழங்கால் தண்ணீரில் இறங்கித்தான் பேருந்துக்குப் போகவேண்டும். அவள்தான் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்து, மூன்று மாதத்துக்கு முன் பெரிய சிமெண்ட் குழாய் பதிக்க வைத்தாள். வேலை நடந்தபோது நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்ததும் அவள்தான். கொத்தனார் குழாயை ஓடைத் தரையோடு தரையாக இறக்கப் போனார். "கல்லை மிச்சம் பிடிச்சு வேற எங்கயாவது கட்டப் போறீங்களா? கீழே வெச்சா மண்ணு அடைச்சுக்கும், தூக்கி வைங்க" என்று சண்டை போட்டாள். "தூக்கி வெச்சாதாம்மா எனக்கு வேலை சுலபம், பள்ளமே வேண்டாம். ஆனா தரையோட வைக்கிறதுதான் முறை" என்று அவர் சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. கடைசியில் ஒரு முழம் தூக்கி வைத்தார்.

அந்த ஒரு முழத்திலிருந்து தண்ணீர் இப்போது அருவி போலக் கீழே கொட்டிக்கொண்டிருந்தது. குழாயின் உதடு காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நிழலில், தண்ணீர் கருப்பாக நெளிந்தது. பாசி என்று நினைத்துக் குனிந்தாள். பாசி இல்லை. குஞ்சுகள், ஆயிரக்கணக்கில். ஈரச் சுவரில் ஒட்டி ஒட்டி மேலே ஏறுகின்றன, உதட்டுக்கு அடியில் பிடி கிடைக்காமல் விழுகின்றன, மறுபடி ஏறுகின்றன. கரையோரம் செத்துக் குவிந்தவற்றை இரண்டு காகங்கள் அவசரமே இல்லாமல் தின்றுகொண்டிருந்தன.

அவள் அங்கேயே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள்.

மறைக்க நினைத்தாளா? நினைத்தாள். திரும்பி வரும் வழி முழுக்க, கொத்தனார் மேல் போட்டுவிடலாமா என்று மனம் கணக்குப் போட்டது. பொறியாளரின் அறைக்குள் நுழைந்ததும் வாய் வேறு மாதிரி சொன்னது: "சார், குழாயைத் தூக்கி வைக்கச் சொன்னது நான்தான்."

அடுத்த பத்து நாள் காலையில் அவளும் வீட்டுக்காரரும் வாளிகளில் குஞ்சுகளை மொண்டு அணைக்கு மேலே கொண்டுபோய் விட்டார்கள். "டிக்கெட் இல்லாம இத்தனை பேரை நான் ஏத்தினதே இல்ல" என்று அவர் முனகினார். அதே கொத்தனார் வந்து குழாய்க்குக் கீழே கல்லைச் சரித்து அடுக்கி, உள்ளே முழு நீளத்துக்கும் சொரசொரப்பான கயிறுகளைக் கட்டினார். அவள் இந்தத் தடவை நாற்காலி போடவில்லை. சுவருக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

பிறகுதான் காவலாளியின் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவர் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, இல்ல வீட்ல தொட்டி கிட்டி இருக்கான்னு பாக்க வந்தீங்களா?"

"கேக்கத்தான் வந்தேன்." நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். செத்த ஒன்பதையும் சொன்னாள். "திரும்பி வந்துடுப்பா. சார்கிட்ட நான் பேசிட்டேன்."

"நாலு பேர் முன்னாடி வாளியைத் திறந்தேன் அக்கா. அதே வாசல்ல மறுபடி நிக்க முடியாது." கதவைச் சாத்தப் போனவர் நின்றார். "பலகைக் குழாய் முதல் வளைவுலதான் அடைக்கும். கம்பி விட்டுக் குத்தாதீங்க, ஓட்டை விழும். வாய் வெச்சு ஊதுங்க."

வழியெல்லாம் அவளுக்கு அதே யோசனை. நல்லதுக்குச் சொன்னானா, அவளைச் சேறு தின்ன வைக்கச் சொன்னானா? அந்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

மறுநாள் சூரியன் வருவதற்குள் போய், சுற்றிலும் யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு, குழாயில் வாய் வைத்து ஊதினாள். வாய் நிறையச் சேறும் இலையும். துப்பினாள். தண்ணீர் சலசலவென்று பலகையில் இறங்கியது. பெட்டிக்குள் குஞ்சுகள் புரண்டுகொண்டிருந்தன. எண்ணி முடிக்க எட்டு மணியாகிவிட்டது.