வேப்பிலையைப் பிடுங்கிய மத்தியானம்

காய்ச்சல் வந்த குழந்தைக்கு ஈரத்துணி வைக்கக்கூட ஊரைக் கேட்க வேண்டுமா? வேண்டும் என்றார்கள். நான் கேட்கவில்லை. இன்றைக்கும் அதற்காக வெட்கப்படவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். பொன்னேரியைத் தாண்டி, நெல் வயல்களுக்கு நடுவே என் புகுந்த வீடு. ஆடி மாதத்தில் என் இரண்டு வயது மகளுக்கு உடம்பு நெருப்பாகக் கொதித்தது. என் கணவரின் அக்கா, அண்ணி என்றுதான் கூப்பிடுவேன், தொட்டுப் பார்த்தாள்.

"அம்மா வந்துகீறா" என்று வாசலில் வேப்பிலைக் கொத்தைக் கட்டினாள். அவ்வளவுதான். மருந்து கூடாது, உடம்பில் தண்ணீர் படக்கூடாது, வெளியாள் உள்ளே வரக்கூடாது. குழந்தையின் உடம்பு முழுக்கத் தேடிப் பார்த்தேன். அம்மை முத்து ஒன்றுகூட இல்லை. "போடும், இரு" என்றாள் அண்ணி. என் வீட்டுக்காரர் வழக்கம்போல அக்கா சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் குழந்தைக்குக் கண் செருகியது. அந்த நேரம் பார்த்து சுகாதார நிலையத்து நர்ஸ் தெருவில் போனார். கூப்பிட்டேன். வந்தவர் வாசலோடு நின்றுவிட்டார்.

"வேப்பிலை கட்டிகீற ஊட்டுக்குள்ள நான் வந்தா ஊரே சண்டைக்கு வரும்மா."

அப்படியா சேதி என்று எட்டி அந்தக் கொத்தைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். "இப்ப இல்லியே, வாங்க."

"அம்மா மேலயே கை வெச்சிட்டியாடி" என்றாள் அண்ணி.

"எம் பொண்ணு பொழைக்கட்டும் அண்ணி. அப்பால அம்மா வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

நர்ஸ் போர்வையை விலக்கி, சட்டையைக் கழற்றி, சன்னலைத் திறக்கச் சொன்னார். சில்லென்ற தண்ணீர் வேண்டாம், நடுங்கினால் காய்ச்சல் இன்னும் ஏறும் என்று வெதுவெதுப்பான தண்ணீர் கேட்டார். துணியை நனைத்துப் பிழிந்து நெற்றி, கழுத்து, அக்குள், தொடையிடுக்கு என்று துடைத்துக் காட்டிவிட்டு என் கையில் கொடுத்தார். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. கூடட்டும் என்று துடைத்துக்கொண்டே இருந்தேன். கண் திறந்ததும் கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். பொழுது சாய்வதற்குள் வியர்த்து, உடம்பு ஆறி, என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

அண்ணியை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத் திரும்பினேன். அவள் சுவரோரம் உட்கார்ந்து குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே அவளுடைய ஒரே மகன் காய்ச்சலில் போயிருந்தான்.

"எம் புள்ளைக்கும் ஒரு முத்துகூட போடலடி" என்றாள்.