வேலை கிடைத்தவர்கள் பட்டியல்

வண்டலூரைத் தாண்டி இருக்கும் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியில் வேலைவாய்ப்புப் பிரிவில் எனக்குக் கான்ட்ராக்ட் வேலை. எந்தப் படிப்பில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, ஆரம்பச் சம்பளம் எவ்வளவு என்று வருஷா வருஷம் ஒரு அட்டவணை தயார் செய்ய வேண்டும். அட்மிஷனுக்கு அச்சடிக்கும் ப்ரோஷரில் அதுதான் முதல் பக்கம். வருகிற பெற்றோர்கள் லேபையும் பார்ப்பதில்லை, லைப்ரரியையும் பார்ப்பதில்லை. நேராக அந்த அட்டவணையில் விரலை வைத்து மேலிருந்து கீழே ஓட்டுவார்கள். விரல் நிற்கிற படிப்பில் சீட்டு நிரம்பிவிடும்.

அட்டவணையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வரிக்கு என் தயவு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. சிவில் வரிதான் எங்களுக்குத் தலைவலி. கட்டடம் கட்டாத ஊரா இது? கூடுவாஞ்சேரி வரைக்கும் காலி மனையே தெரியாதபடி அடுக்குமாடியாக எழும்பிக்கொண்டிருக்கிறது. ஆனால் சிவில் படித்த பிள்ளைகளை வேலைக்கு எடுக்க எங்கள் வாசலுக்கு யாரும் வருவதில்லை. வந்தாலும் அவர்கள் சொல்கிற சம்பளத்தை ப்ரோஷரில் போட முடியாது.

அந்த வருஷம் எங்கள் பிரிவின் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அவரை எல்லோரும் சார் என்றுதான் சொல்வோம். அவருக்குத் தெரிந்த ஒரு கான்ட்ராக்டர், வேலை கிடைக்காத சிவில் பிள்ளைகளுக்கு ஆஃபர் லெட்டர் கொடுக்கச் சம்மதித்தார். சம்பளம் கௌரவமாக இருக்கும். பணியில் சேரும் நாள் மட்டும் பின்னர் தெரிவிக்கப்படும். அந்தப் பின்னர் வரவே வராது என்று சாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அத்தனை கடிதங்களையும் டைப் அடித்தவள் நான்தான்.

பையன்களில் பாதிப் பேருக்கு விஷயம் புரிந்துவிட்டது. நோட்டீஸ் போர்டில் ஒட்டும் போட்டோவுக்குப் பல்லைக் காட்டிவிட்டு கேன்டீனுக்குப் போய்விட்டார்கள். ஒரு பெண் மட்டும் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு என் மேஜைக்கு வந்தாள்.

“மேடம், இது நெஜமாவே வேலைதானே?”

“வாங்கி வெச்சுக்கம்மா. கையில ஒண்ணு இருந்தா நல்லதுதானே” என்றேன். பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அந்தப் பதில் வசதியாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவளுடைய அம்மா வந்தார். கோவளத்திலிருந்து மீன் எடுத்து வந்து கூடுவாஞ்சேரி மார்க்கெட்டில் விற்பவர். கையில் ஒரு பை.

“நீங்கதான் எம்பொண்ணுக்கு வேல வாங்கிக் குட்த்தீங்கன்னு சொல்லிச்சு மேடம். வஞ்சிரம், காலைல எட்த்தது. ஐஸ்ல வெச்சது கெடையாது.”

எனக்கு வாய் நீளம். செம்பாக்கத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் லாரிக்காரர் முதல் கேபிள் ஆபீஸ்காரர் வரை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் கிடையாது. வேண்டாம் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்ல அந்த வாய் அன்றைக்கு வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் வறுத்துத் தின்றோம்.

எங்கள் கல்லூரியில் ஒரு மாணவருக்கு ஒரு வேலை என்பது விதி. ஒரு கம்பெனியில் கிடைத்துவிட்டால் அடுத்த கம்பெனியின் தேர்வில் உட்கார முடியாது. கிடைத்தவனே மறுபடி மறுபடி அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க வைத்த விதி, நல்ல விதிதான். கிடைத்தது வேலையாக இருக்கும்வரைக்கும்.

இரண்டு மாதம் கழித்து, பாலங்கள் வடிவமைக்கும் ஒரு பெரிய கம்பெனி சிவில் பிள்ளைகளைத் தேடி வருவதாக மெயில் அனுப்பியது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. தேர்வு எழுதத் தகுதி உள்ளவர்களின் பட்டியலை நான்தான் தயாரித்தேன். கடிதம் வாங்கியவர்களை ஒவ்வொருவராக நீக்கிக்கொண்டே வந்தபோது அந்தப் பெண்ணின் பெயரில் விரல் கொஞ்சம் நின்றது. பிறகு அதையும் நீக்கினேன்.

தேர்வு நாள் காலை ஒன்பதேகால் மணிக்கு நான் அறையைத் திறக்க வந்தபோது அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். இஸ்திரி போட்ட சுடிதார், கையில் ஃபைல்.

“என் பேரு லிஸ்ட்ல இல்ல மேடம்.”

“உனக்குத்தான் ஏற்கெனவே ஆஃபர் இருக்கேம்மா.”

“நேத்து அந்தக் கான்ட்ராக்டர் ஆபீசுக்கே போனேன் மேடம். எப்போ ஜாயின் பண்ணணும்னு கேட்டேன். எங்களுக்கு ஆளே வேணாம், காலேஜ்ல கேட்டாங்க, குடுத்தோம்னு சொல்லிட்டாங்க.” அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “சிவிலுக்கு இனிமே வேற கம்பெனி வராதாம். இது ஒண்ணுதான் மேடம். டெஸ்ட் மட்டும் எழுதிக்கிறேன்.”

தேர்வு பத்து மணிக்கு. அவளைப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு சாரிடம் ஓடினேன். அவர் கம்பெனிக்காரர்களுக்கு வாங்கிய பொக்கேயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“அவ ஒருத்திய விட்டா மத்தவங்களும் வந்து நிப்பாங்க. அப்புறம் சிவில் வரில என்ன மிஞ்சும்? ப்ரோஷர் ப்ரஸ்ஸுக்குப் போயாச்சு மேடம்.”

“சார், அங்க வேலையே கெடையாதுன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“தெரிஞ்சா? அந்த லெட்டர் பொய்னு நாமளே நம்ம வாயால சொல்றதா?” குரலை உயர்த்தவில்லை. பொக்கேயை மேஜைமேல் வைத்துவிட்டு, “உங்க கான்ட்ராக்ட் ஜூன்ல ரின்யூவல் வருது, இல்ல?” என்று மட்டும் கேட்டார்.

எனக்குப் பயம் வந்தது. கோபமும் வந்தது. திரும்பி வந்தபோது மணி ஒன்பதே முக்கால். வருகைப் பட்டியல் என் கையில்தான் இருந்தது. கடைசிப் பெயருக்குக் கீழே பேனாவால் அவள் பெயரை எழுதினேன்.

“போ. கடைசி வரிசைல உக்காரு. யாராவது கேட்டா மேடம் அனுப்பினாங்கன்னு சொல்லு.”

அவள் ஓடினாள். எனக்கு என்மேல் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. மதியம் தேறியவர்கள் பட்டியல் வந்தது. அதில் அவள் பெயர் இருந்தது. சார் அதைப் படித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார், கம்பெனிக்காரர்கள் பக்கத்தில் இருந்ததால் எதுவும் சொல்லவில்லை. இரண்டு மணிக்கு நேர்முகம். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டப்பாவை அப்படியே மூடி வைத்துவிட்டு, நேர்முகம் நடக்கும் அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மணி இருக்கும். கம்பெனியின் எச்.ஆர். அதிகாரி அவளுடைய ஃபைலோடு எங்கள் அறைக்குள் வந்தார். பின்னால் அவள். சாரும் இருந்தார்.

“காபி குடிக்கப் போனப்ப உங்க போர்டைப் பார்த்தேன். வேலை கெடைச்சவங்கன்னு போட்டு இந்தப் பொண்ணு போட்டோ இருக்கு. அவங்களை உக்கார வைக்க மாட்டோம்னு நீங்கதானே மெயில் போட்டீங்க? பொண்ணு நல்லா பண்ணியிருக்கு, எனக்கு எடுத்துக்கணும்னு இருக்கு. கேட்டா, மேடத்தைக் கேளுங்கன்னு சொல்லுது. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அந்த வேலை இருக்கா, இல்லையா?”

சார் என்னைப் பார்த்தார். அவளும் என்னைத்தான் பார்த்தாள். அவளே அந்த அதிகாரியிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் காலையில் பேனாவால் எழுதிய எனக்கு என்ன ஆகும் என்று யோசித்துத்தான் என்னிடம் விட்டிருக்கிறாள் என்பது எனக்குப் புரிந்தது. இல்லை என்ற ஒரு சொல் போதும். தெருவையே கூட்டுகிற என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

“இருக்கு சார்” என்றேன். “லிஸ்ட்ல தெரியாம சேத்துட்டேன். என் மிஸ்டேக்.”

அதிகாரி ஃபைலை மூடி அவளிடம் கொடுத்தார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவள் போன பிறகு சார் எனக்கு டீ வரவழைத்தார். நான் அதைக் குடித்தேன்.

ஜூனில் என் கான்ட்ராக்ட் புதுப்பிக்கப்பட்டது. நவம்பரில், வேலை கிடைத்தவர்கள் பட்டியலில் இருக்கும் எல்லோரையும் போனில் கூப்பிட்டு, இப்போது எங்கே வேலை, என்ன சம்பளம் என்று கேட்டு எழுத வேண்டும். அடுத்த அட்டவணைக்கு அதுதான் அடிப்படை. அவளைக் கடைசிக்குத் தள்ளித் தள்ளி, மூன்றாம் நாள் மதியம் கூப்பிட்டேன். பின்னால் பில் மெஷின் ஓடும் சத்தமும் யாரோ பை கேட்கும் குரலும் கேட்டன.

“சொல்லுங்க மேடம்.” நம்பரை அழிக்காமல் வைத்திருந்தாள்.

“எப்படிம்மா இருக்க?”

“நல்லா இருக்கேன் மேடம். தாம்பரத்துல ஒரு கடையில பில்லிங்ல இருக்கேன்.”

“டேட்டாவுக்காகக் கூப்பிட்டேன். கம்பெனி, சம்பளம்...”

“நீங்களே எழுதிக்கோங்க மேடம். உங்களுக்கு எவ்ளோ போட்டா சரியா வருமோ, அத போட்டுக்கோங்க.”

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. உதவி செய்கிற குரல். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போனை உடனே வைக்காமல், வேறு ஏதாவது கேட்கப்போகிறேனா என்று கொஞ்சம் காத்திருந்தாள். மன்னித்துவிடு என்று சொல்ல அவ்வளவு நேரம் தாராளமாகப் போதும்.

“சரிம்மா” என்றேன். பிறகு எழுதினேன்.