அப்பாவின் காரும் சட்டை போட்ட பெண்ணும்

அப்பாவுக்காகச் செபிக்க வந்து இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினருக்கும் நண்பர்களுக்கும் முதலில் அந்தப் பொம்மையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இறுதி ஊர்வலத்தன்று நீங்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டீர்கள். இனி மறைத்துப் பயனில்லை.

அப்பா இலங்கைத்துறையில் பிறந்தவர். கடல் தொழில் ஒத்துவராததால் இளவயதிலேயே திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்து லொறி ஓடப் பழகினார். மணமுடித்து உப்புவெளியில் குடியேறிய பின், கந்தளாயில் ஒரு வளவுக்குள் துருப்பிடித்துக் கிடந்த வெள்ளைக்காரர் காலத்துக் கார் ஒன்றை வாங்கித் தன் கையாலேயே திருத்தினார். அந்தக் காரை வாடகைக்கு ஓடித்தான் எங்களை ஆளாக்கினார். உங்களில் பலர் கலியாணத்தன்று கோயிலுக்குப் போனதும் அதில்தான்.

கார் வீட்டுக்கு வந்த அன்று அம்மா படலையிலேயே நின்றுவிட்டாராம். காரின் முன்பக்கம், பொனற்றின் நுனியில் செட்டை விரித்தபடி ஒரு வெள்ளிநிறப் பெண். உடம்பில் ஒரு நூல்கூட இல்லை.

“இதோடையோ பூசைக்குப் போறது?” என்று அம்மா கேட்டாராம்.

கழற்றி எறியவும் ஏலாது. எஞ்சினை ஆற்றத் தண்ணீர் விடும் ரேடியேட்டரின் மூடியே அவள்தான். வேறெந்த மூடியும் அந்தப் புரியில் பொருந்தவில்லை. கடைசியில் அக்கா கோயிலில் முதல் நன்மை எடுக்கத் தைத்த உடுப்பில் மிஞ்சிய துணியில் அம்மா ஒரு குட்டிச் சட்டை தைத்துப் போட்டார்.

அப்பா பொல்லாத கூச்சக்காரர். யாரும் சிரிக்க முந்திச் சொல்வதற்கென்றே ஒரு கதை பழகி வைத்திருந்தார். அந்தக் காரில் ஏறிய மாப்பிள்ளைமார் எல்லோரும் அதைக் கேட்டிருப்பீர்கள்.

“முந்தித் தண்ணி மூடி வெளியிலைதான் தம்பி. அதிலை சூடு பார்க்கிற கண்ணாடி ஒண்டு பூட்டினாங்கள். பிறகு வடிவுக்கெண்டு குருவி, குதிரை, நாய், பொம்பிளை எண்டு வைச்சாங்கள். ஆரிட்டை வடிவான பொம்மை எண்டு பணக்காரருக்குள்ளை போட்டி. பிறகு மூடி பொனற்றுக்குள்ளை போயிட்டுது, பொம்மை மட்டும் மேலை நிண்டுது. முட்டினால் ஆளைக் குத்துமெண்டு கடைசியிலை அதையும் எடுத்திட்டாங்கள்.”

சொல்லி முடிக்கும்வரை பொம்மையின் பக்கம் திரும்பவே மாட்டார்.

யுத்த காலத்தில் ஒரு சோதனைச் சாவடியில் அந்தச் சட்டையைக் கழற்றிக் காட்டச் சொன்னார்கள். அப்பா நிலத்தைப் பார்த்தபடி கழற்றினார். அவர்கள் சிரித்தார்கள். அன்று அப்பா சாப்பிடவில்லை. பிள்ளைகளாகிய நாங்கள் அதையே பகிடியாக்கி ஊரெல்லாம் கதைத்துத் திரிந்தோம்.

கடைசி மாதங்களில் படுக்கையில் கிடந்தபடியே, “தண்ணி விட்டாச்சோ?” என்று கேட்பார். “ஓம், விட்டாச்சு” என்பார் அம்மா. நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இறுதி ஊர்வலத்தில் பெட்டிக்கு முன்னால் அப்பாவின் காரே போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான். ஓட்டியவனும் நான். நடை வேகத்தில் போனதில் கார் கொதித்து, கல்லறைகள் உள்ள சேமக்காலைக்குப் போகும் ஒழுங்கைக்குள் நின்றுவிட்டது. ஒழுங்கை ஒடுக்கம். விலகிப் போக வழியில்லாமல், பெட்டியைச் சுமந்தவர்கள் வெயிலில் அப்படியே நின்றார்கள். நான் இறங்கிப் பொம்மையின் சட்டையைக் கழற்றினேன். கோயில் சுவாமியும் கன்னியாஸ்திரிகளும் ஊரும் பார்க்க அவள் வெறும் மேனியாக நின்றாள். எங்கே பிடிப்பதென்றே தெரியவில்லை. செட்டையைப் பிடித்துத் திருகினேன். கை வெந்ததுதான் மிச்சம். சொந்தத் தகப்பனை அடக்கம் செய்ய விடாமல் நானே வழிமறித்து நிற்கிறேன் என்று நினைக்க உடம்பெல்லாம் கூசியது.

பின் ஆசனத்திலிருந்து அம்மா இறங்கி வந்தார்.

“செட்டையைப் பிடிக்காதை தம்பி, முறிஞ்சுபோம். கொஞ்சம் ஆறவிடு. பிறகு இடுப்பிலை பிடிக்கவேணும்.”

ஆறியதும் ஈரச் சாக்கைச் சுற்றி, இடுப்பில் பிடித்து, மெல்ல மெல்லத் திருகினார். நான் அவர் கையையே பார்த்து நின்றேன்.

“என்ன பார்க்கிறாய்? ஒவ்வொரு நாளும் விடிய நான்தானே திறந்து தண்ணி விட்டனான். அப்பாவுக்கு அவளைத் தொட வெட்கம்.”

தண்ணீர் விட்டு, மூடியைப் பூட்டி, அவளுக்குச் சட்டையையும் போட்டுவிட்ட பிறகுதான் அம்மா காரில் ஏறினார்.

வைத்தியசாலையில் எங்களோடு கண்விழித்தவர்களுக்கும், அன்று வாளியில் தண்ணீரும் சாக்கும் தந்த ஒழுங்கை வீட்டு அக்காவுக்கும், தோள் நோகப் பெட்டியோடு காத்து நின்ற தம்பிமாருக்கும், என் நிலை கண்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்ட உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றிகள்.

அம்மாவுக்கு மட்டும் இன்னும் சொல்லவில்லை. நேரே முகம் பார்த்துச் சொல்ல எனக்கும் வெட்கம். அதனால்தான் இதில் எழுதுகிறேன், அம்மா.