கறுக்காத வாழைப்பூ

நான் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள். யாரையும் லேசில் நம்ப மாட்டேன். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் ஒரு அக்கா வாழைப்பூவை நறுக்கிக் கவரில் போட்டு விற்பார். காலையில் பார்த்த கவர் சாயங்காலமும் வெளுப்பாகவே இருந்தது. அதெப்படி? நறுக்கிய பூவில் செம்பு கலந்த நொதி ஒன்று காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக் கறுக்க வைத்துவிடுமே!

“என்னக்கா கலக்குறீங்க?”

“மோர்த் தண்ணிதான் டீச்சர். வேறென்னத்த?”

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு கவர் வாங்கிப்போய் மறுநாள் லேபில் லிட்மஸ் தாளை வைத்தேன். நீலம் சிவந்தது. அமிலம்! கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாகத் துள்ளினேன்.

லேப் அட்டெண்டர் கவரை முகர்ந்தார். “புளிச்ச மோர் வாடைல்ல மேடம் அடிக்குது?”

மோரும் அமிலம்தான். அமிலம் பட்டால் அந்த நொதி அடங்கிவிடும். வருஷா வருஷம் அதை நடத்துகிறவள் நான். வீட்டில் நானும் வாழைப்பூவை மோரில்தான் நறுக்கிப் போடுகிறேன்.

அன்று சாயங்காலம் வெட்கத்தோடு இரண்டு கவர் கேட்டேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நேத்து வாங்குனதை என்ன செஞ்சீங்க டீச்சர்?”

“பொரியல்தான்க்கா. வேறென்னத்த?” என்றேன்.

அவர் நம்பவில்லை.