பாங் அனுப்பிய அடாப்டர்

தெங் யாலி சந்தையில் தோஃபு வாங்கினால்கூட விரலால் அழுத்தி, மோந்து பார்த்து, கடைக்காரியின் முகத்தையும் ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் பையில் போடுவாள். அவளுக்கு வாய்த்த வேலையும் அப்படி. மின்சாதனங்களுக்குப் பாதுகாப்பு முத்திரை தரும் ஆய்வகத்தில் இன்ஸ்பெக்டர். சீனாவின் டோங்குவான் நகரத் தொழிற்சாலைகளுக்குள் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்து சோதிக்க வேண்டும். முதலாளிகள் நீட்டும் சிகரெட்டும் பழக்கூடையும் அவளிடம் செல்லாது. மதியச் சோற்றைக்கூட வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போவாள்.

பாங் ஷௌரெனின் தொழிற்சாலையில் தாய்ப்பால் எடுக்கும் பம்ப் செய்கிறார்கள். பம்ப் ஓடுவது சொற்ப வோல்ட்டில். அதனால் விதிகள் அதை அவ்வளவாகக் குடைவதில்லை. சுவரில் செருகும் அடாப்டர் மேல்தான் மொத்தக் கண்ணும். அங்கீகாரம் வாங்கிய அடாப்டரையே கடைசிவரை வைக்க வேண்டும். மட்டமானதை வைத்தால் சுவரில் ஓடும் மின்சாரம் தாயின் மார்புவரை வந்துவிடும்.

போன தடவை யாலி அங்கே போனபோது, வாசல் காவலாளி அவள் பெயரை எழுதிக்கொள்ளவே ஒரு யுகம் எடுத்துக்கொண்டான். உள்ளே போனால் பாங் தேநீரோடு நிற்கிறார். அடாப்டர்கள் எல்லாம் அச்சு அசலாகச் சரி. அப்படிச் சரியாக இருந்ததுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

இந்த நிலையில் மகள் வான்திங்குக்குக் குழந்தை பிறந்தது. பிள்ளைபெற்றவளுக்கான இஞ்சிக் காடியும் பன்றிக்காலும் எடுத்துக்கொண்டு போன யாலி, கட்டிலருகே பாங் கம்பெனி பம்பைப் பார்த்ததும் பாத்திரத்தை டொக்கென்று வைத்தாள்.

"இது எப்படி வந்துச்சு?"

"பாங் முதலாளி கொடுத்தனுப்பினாரும்மா. குழந்தை வாய் வச்சுக் குடிக்க மாட்டேங்குது, இது இல்லேன்னா நான் செத்தேன்."

"அவருக்கு யாரு சொன்னா?"

"நீதானே குழந்தை பிறந்துச்சுன்னு ஆபீஸ் பூரா சிவப்பு முட்டை கொடுத்தே? சும்மா வந்ததையும் சந்தேகப்படுவியா?"

"சும்மா வந்ததைத்தான்டி சந்தேகப்படணும்!"

அடாப்டரைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "பாலுக்கு நான் என்ன பண்றது?" என்று மகள் கத்தினாள். "கையால பீச்சு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். வழியில் ஒரு கடையில் அதே பம்பை வாங்கினாள்.

ஆய்வகத்தில் இரண்டு அடாப்டர்களையும் இடுக்கியில் வைத்து உடைத்தாள். வெளியே ஒரே முத்திரை, ஒரே எண். பாங் அனுப்பியதில்தான் ஏதோ கோளாறு இருக்கும் என்று அவளுக்கு நிச்சயம். ஆனால் அது பழுதே சொல்ல முடியாத சரக்கு. டிரான்ஸ்பார்மரைச் சுற்றி மஞ்சள் நாடா அடுக்கடுக்காக இருந்தது, சுவர் மின்சாரம் வரும் பக்கத்துக்கும் பம்புக்குப் போகும் பக்கத்துக்கும் நடுவே தாராளமான இடைவெளி. கடையில் வாங்கியதில் நாடா பேருக்கு ஒரு சுற்று. இடைவெளி ஓர் அரிசி அகலம்கூட இல்லை. இன்னொரு கடையில் வாங்கி உடைத்தாள். அதுவும் அதே லட்சணம்.

இந்த முறை காவலாளியை ஒதுக்கித் தள்ளிவிட்டு நேரே பாங்கின் அறைக்குப் போய், உடைந்த துண்டுகளை மேசையில் கொட்டினாள்.

பாங் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். "கடையில போலிச் சரக்கு நிறைய ஓடுது தெங் அக்கா. எங்க பேரைக் கெடுக்கவே பண்றானுங்க."

"அப்ப குடோனைத் திறங்க, பார்த்துடுவோம்."

"சாவி வச்சிருக்கிறவன் லீவு."

சாவிக்கு இவன் லீவு கொடுத்திருப்பான் என்று யாலி நினைத்துக்கொண்டாள். முகத்தில் காட்டவில்லை. எழுந்தாள்.

"சரி விடுங்க. உங்க வாசல் கடையிலேயே புதுசா ஒண்ணு வாங்கிட்டுப் போறேன். நீங்க நேரா போடற சரக்கு, அதுல போலி வராதே. பொண்ணு பாவம், காத்துக்கிட்டிருப்பா. இப்பவே மாட்டிவிட்டுடறேன்."

பாங் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஓடிவந்து கதவை மறித்தார்.

"ஐயோ, வேணாம் அக்கா! அதை மாட்டாதீங்க. நான் நல்லதா வேற தர்றேன். நானும் பேரப்பிள்ளை எடுத்தவன், உங்க வீட்டுக்குப் போய் அதைக் கொடுப்பேனா?"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கதவுப் பிடியிலிருந்து கை நழுவியது.

"அப்ப மத்தவங்க வீட்டுக்கு?" என்றாள் யாலி.

அங்கேயே நின்று ஆய்வகத்துக்குப் போன் போட்டு, அனுமதியை நிறுத்தச் சொன்னாள், கடைகளில் கிடக்கும் சரக்கைத் திரும்ப எடுக்கச் சொன்னாள். இத்தனை வருஷமாக, ஏமாற்றுகிறவர்களுக்கு ஆபத்து புரிவதில்லை என்றுதான் நினைத்திருந்தாள். இவனுக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. அவள் மகளுக்காக மட்டும் அத்தனை சரக்கிலும் தேடி நல்லதாக ஒன்று எடுத்து அனுப்பியிருக்கிறான்.