சகலையின் கையெழுத்து

என் சகலையைப் பற்றி யாரிடம் கேட்டாலும் நல்லவிதமாகத்தான் சொல்வார்கள். அதனால் என்னிடம் கேளுங்கள். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். பதினெட்டு வருஷமாக ஒரே கார் பந்தயத் திடலில், ஒரே கொட்டகையில் என்னோடு வேலை பார்த்தவன். அவனைப் பார்த்து வயிறெரிந்தே என் பாதி ஆயுள் போயிற்று. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, எரிந்தது என் வயிறுதானே.

திடலில் அவனுக்குப் பெயர் 'காது'. கல்யாணமான புதிதில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் கடையில் இருந்தான். கடையை மூடிவிட்டார்கள். மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ள, உங்க இடத்துல இவருக்கும் ஒரு வழி பண்ணுங்க." நான்தான் கூட்டிப்போய், பார்வையாளர் வாசலில் காதடைப்பான் விற்கும் வேலையில் சேர்த்துவிட்டேன். ஆமாம், நானேதான்.

அப்போது கார்களில் பத்து சிலிண்டர் எஞ்சின். நான்கு தெரு தள்ளி அலமாரியில் இருக்கிற டம்ளரெல்லாம் ஆடும். வந்தவர்கள் அத்தனை பேரும் காதை அடைத்துக்கொண்டு பந்தயம் பார்ப்பார்கள். காதடைப்பான் விற்கிறவன் மட்டும் ஒருநாளும் அதை மாட்டியதில்லை. தட்டைக் கழுத்தில் தொங்கவிட்டுக் கண்ணை மூடி நிற்பான். ஒருமுறை வேலியோரம் வந்த தலைமைப் பரிசோதகரிடம், "சார், அந்த மஞ்ச வண்டியில ஏதோ ஒரு வால்வு சரியில்ல. மூணு சுத்து தாங்காது" என்றான். இரண்டாவது சுற்றிலேயே மஞ்சள் வண்டி புகை கக்கிக்கொண்டு ஓரங்கட்டியது. அடுத்த வாரம் எஞ்சின் பரிசோதனைப் பிரிவில், என் நாற்காலிக்குப் பக்கத்தில் அவனுக்கும் ஒரு நாற்காலி. அப்படி ஒரு நாற்காலியில் உட்கார எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு ஓட்டுநர் ஒரு வருஷத்துக்கு இத்தனை எஞ்சின்தான் பயன்படுத்தலாம் என்று விதி. நான் சொல்லப்போகும் வருஷத்தில் அது நான்கு. ஐந்தாவதைத் தொட்டால், பந்தயம் தொடங்கும்போது பத்து இடம் பின்னால் போய் நிற்கவேண்டும். திருட்டுத்தனம் நடக்காமலிருக்க, ஒவ்வொரு எஞ்சினிலும் கம்பி கோத்து, எண் பொறித்த ஈயச் சீலை நசுக்கி வைப்போம். எந்த எண் எந்த ஓட்டுநருக்கு என்பது பதிவேட்டில் இருக்கும். சிறு பழுதுக்காகத் திறந்தால் எங்கள் கண்ணெதிரில் திறக்கவேண்டும். மூடியதும் புதுச் சீல். போட்டவர் ஒரு கையெழுத்து, சரிபார்த்தவர் ஒரு கையெழுத்து. போடுவது நான். சரிபார்ப்பது, எட்டே வருஷத்தில் என்னைத் தாண்டித் தலைமைப் பரிசோதகராகிவிட்ட என் சகலை.

பத்து சிலிண்டர் எட்டாயிற்று. பிறகு ஆறு, கூடவே டர்போ, பேட்டரி. பந்தயத்தின் சத்தமே அடங்கிப்போயிற்று. "என்னய்யா இது, மிக்ஸி ஓடற மாதிரி இருக்கு" என்று ரசிகர்கள் கத்தினார்கள். எனக்கோ வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இனி காதுக்கு இங்கே என்ன வேலை? அந்தக் கடன்காரன் முதல் நாளே தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "அண்ணா, இதுதான் நல்லா இருக்கு. முன்னாடி சத்தமே எல்லாத்தையும் மறைச்சிடும். இப்பதான் உள்ள என்ன நடக்குதுன்னு கேக்குது" என்றான். இவனை என்ன செய்வது, சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு வருஷம் அந்தச் செய்தி வந்தது. எங்கள் தடம் பழசாகிவிட்டது, இரண்டாவது வளைவு மேடும் பள்ளமுமாக இருக்கிறது, பெரிய பந்தயம் இனி இங்கே கிடையாது. அடுத்த வருஷம் முதல் துறைமுக நகரத்தில், தெருக்களையே வளைத்துப் புதுத் தடம் போடுகிறார்கள். எங்கள் பிரிவிலிருந்து ஒரே ஒருவரை அங்கே எடுத்துக்கொள்வார்கள். மிச்சப்பேர் இங்கேயே உட்கார்ந்து, ஓட்டப் பழகுகிறவர்களின் குட்டி வண்டிகளுக்கு டயரில் காற்று பார்க்கலாம். அந்த ஒருவர் யார் என்று யாரும் கேட்கக்கூட இல்லை. கேட்காததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வேலை எனக்கு வேண்டும், தலைகீழாக நின்றாவது வேண்டும் என்று வெறியே பிடித்துவிட்டது.

எங்கள் திடலின் கடைசிப் பெரிய பந்தயம். வியாழக்கிழமை மதியம், ஒரே அணியின் இரண்டு வண்டிகளிலும் அனுமதி வாங்கி எஞ்சினைத் திறந்து மூடியிருந்தார்கள். புது எண்களைப் பதிவேட்டில் எழுதிவிட்டு, இரண்டு சீலையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குனிந்தேன். அந்த நேரம் பார்த்துப் புதுத் தடத்தின் மேலாளர் கொட்டகை வாசலில் வந்து நின்றார். சகலையின் தோளில் கை போட்டார். ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். என் கை கம்பியில் இருந்தது, மனசு முழுக்க வாசலில். பையிலிருந்து கைக்கு வந்த சீலை முதல் எஞ்சினில் நசுக்கினேன், மற்றதை அடுத்ததில் நசுக்கினேன்.

பதிவேட்டை நீட்டினேன். எப்போதும் டார்ச் அடித்து ஒவ்வொரு எண்ணாகப் படித்துப் பார்ப்பவன், அன்று எஞ்சின் பக்கமே திரும்பாமல் கையெழுத்துப் போட்டான். "எங்க அண்ணா போட்டா நான் என்ன பாக்கறது?" என்று மேலாளரிடம் சொன்னான். பெரியவனுக்கு மரியாதை செய்கிறானாம்.

சனிக்கிழமை தகுதிச் சுற்றில், அந்த அணியின் ஓட்டுநர் ஒருவர் ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக முதலிடம் பிடித்தார். மெக்கானிக்குகள் ஒருவரையொருவர் தூக்கிக் குதித்துக்கொண்டிருக்கும்போது மறுபரிசோதனை நடந்தது. இந்த வண்டியில் அந்த எண், அந்த வண்டியில் இந்த எண். விதிப்படி இரண்டுமே கணக்கில் வராத எஞ்சின், ஐந்தாவதைத் தொட்டது மாதிரிதான். இருவருக்கும் பத்து இடம் தண்டனை.

டயர் அடுக்குகளுக்குப் பின்னால் சகலை என்னிடம் வந்தான். "அண்ணா, சீல் மாறிப்போச்சு. நம்ம பக்கத்துத் தப்புன்னு யாராவது எழுதிக் கொடுத்தா தண்டனையை எடுத்துடுவாங்களாம். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நீயே சொல்லு" என்றேன்.

போட்டுக் கொடுக்கத்தான் போகிறான் என்று நினைத்தேன். டயர்மேல் உட்கார்ந்து மனசுக்குள் அவனோடு வாதாடினேன். பார்க்காமல் கையெழுத்துப் போட்டது யார்? மேலாளரோடு இளித்துக்கொண்டு நின்றது யார்? ஒரு மணி நேரத்தில் பதினைந்து கேள்வி தயார் செய்திருப்பேன்.

அறிவிப்புப் பலகையில் அவன் கடிதத்தை ஒட்டினார்கள். 'சீல்களை மாற்றி எடுத்துக் கொடுத்தது நான். போட்டவர் மீது தவறில்லை.' கீழே அவன் கையெழுத்து மட்டும். அந்தச் சீல்களை அவன் கையால் தொடவே இல்லை.

தண்டனையை நீக்கினார்கள். ஞாயிறன்று அந்த ஓட்டுநர் முதலிடத்திலிருந்து கிளம்பினார். ஜெயித்தாரா தோற்றாரா என்று நான் பார்க்கவில்லை.

அடுத்த மாதம் புதுத் தடத்திலிருந்து கடிதம் வந்தது, என் பெயருக்கு. ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அந்த வேலை அவனுக்குப் போய்விடும். நான் சொல்லவில்லை. அவன் இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து கையைக் குலுக்கினான், முகத்தில் ஒரு கோணல் இல்லை. வேலை எனக்கு வந்துவிட்டது, தூக்கம் மட்டும் அவனிடமே இருக்கிறது. அதையும் பார்த்து வயிறெரிந்தேன்.

ஊர் மாறும் நாள் காலையில் சகலையும் கொழுந்தியாளும் சாமான் ஏற்ற உதவிக்கு வந்தார்கள். சகலை கீழே லாரியில் பீரோவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். கொழுந்தியாள் காலி சமையலறைக்குள் வந்து, கதவைப் பாதி சாத்தினாள்.

"அத்தான், ஒண்ணு கேக்கணும். இவர் பண்ண தப்பால உங்க பேர் ஏதாவது கெட்டுச்சா? கேட்டா வாயையே திறக்க மாட்டேங்கறார். 'ஆமா, நான்தான் மாத்திக் கொடுத்தேன்'னு மட்டும் சொல்றார்." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்ககிட்டயாவது மன்னிப்புக் கேட்டாரா?"

கட்டின மனைவியிடம்கூட அவன் சொல்லவில்லை. கீழே அவன் யாரிடமோ சிரித்துப் பேசுவது ஜன்னல் வழியே கேட்டது.

"அவருக்காக நான் கேக்கறேன் அத்தான். மனசுல வச்சுக்காதீங்க."

"விடும்மா" என்றேன். "நான் அப்பவே மன்னிச்சுட்டேன்."