புயலுக்கு வழி சொன்ன ஜெபம்

மொரிஷியஸில், செமின் கிரனியே என்ற ஊரில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு இருந்தது. புயல் வருகிறதென்றால் கதவை அடைத்துவிட்டு, நானும் மனைவியும் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் நிற்போம். வேண்டுவதோடு விடாமல், கடவுளுக்கு வழியும் சொல்வேன்: "ஆண்டவரே, இதைப் பக்கத்து ரெயூனியன் தீவுக்குத் திருப்பிவிடும்."

ஒரு வருடம் அப்படிச் சொன்னதும் மனைவி ஜெபமாலையைக் கீழே வைத்துவிட்டாள். "எங்க அக்காவை அங்கதானே கட்டிக் கொடுத்திருக்கு? உங்க கரும்புக்காக அவ வீட்டுக் கூரை பறக்கணுமா?"

புயல் எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்! எரிச்சலோடு, கடலிலேயே கரைந்துபோகட்டும் என்று வேண்டினேன். எனக்கே அதில் நம்பிக்கையில்லை. விடிந்து பார்த்தால் கரும்பு முழுக்கத் தரையோடு படுத்துக் கிடந்தது. சரியாக வழி சொல்ல விடாததால் வந்த வினை என்று மூன்று வாரம் அவளைக் குத்திக் காட்டினேன்.

பிறகு அவள் அக்காவின் கடிதம் வந்தது. மனைவிக்கு எழுத்து தெரியாது. நான்தான் சத்தமாகப் படித்தேன். "இங்கே சேதம் ஒன்றுமில்லை. புயல் மொரிஷியஸோடு நின்றுவிட வேண்டுமென்று உன் அத்தான் முழங்காலில் நின்று மன்றாடினார். கோபித்துக்கொள்ளாதே."

சகலையை வாய்க்கு வந்தபடி திட்ட ஆசைதான். ஆனால் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.